வில்லும் குடமும் வகுப்புக்கு வந்தால்: பாளையங்கோட்டை ஆசிரியர் பயிற்சி எப்படி?

தொடக்க, நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் குழு சனி, ஞாயிறு இரண்டு நாள் நடத்தும் பயிற்சி இது. மூளை ஆய்வில் தெரியவந்ததைப் பாட்டு, படம், நடிப்பு வழியே வகுப்பில் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் பாடம். முதல் நாள் காலை அமர்வை மட்டும் கழித்துவிட்டால், கட்டுகிற பணத்துக்குத் தாராளமாகத் தகும். மதியச் சாப்பாடும் கருவிப் பெட்டியும் கட்டணத்திலேயே அடக்கம்.

பயிற்சியின் உயிர், முதல் நாள் மதியம் வரும் வில்லுப்பாட்டு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை ஐந்தாம் வகுப்புக்குப் பாட்டாகக் கட்டியிருக்கிறார்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எட்டையும் ஒரே மூச்சில் பாடவைப்பதில்லை. மனத்தில் ஒரு நேரத்தில் நிறுத்திவைக்க முடிவது ஏறக்குறைய நான்கு துணுக்குகள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். அதன்படி நான்கு நான்காகப் பிரித்து, முதல் நான்கும் தடுமாறாமல் வந்த பிறகே மருதூர்ப் பக்கம் இறங்குகிறார்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம் பின்பாட்டில். கதை சொல்லச் சொல்லப் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவது வழக்கம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து ஆமா போட்டால் கேட்கக் களையாக இருக்கும். ஆனால் மறுநாள் ஒன்றும் நிற்காது. யாரும் எதையும் நினைவிலிருந்து எடுக்கவில்லையே! இங்கே பாடுபவர் வரியைப் பாதியில் நிறுத்தி, “கன்னடியனைத் தாண்டினா அடுத்து எந்த அணைடே?” என்று கேட்கிறார். வில்லைத் தட்டும் வீசுகோல் மூன்று முறை தட்டும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்த மூன்று தட்டுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் தானாகத் தேடுகிறது. அந்த இடைவெளியை விட்டுவிட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் சொல்ல, மற்றவர்கள் பின்னால் இழுப்பார்கள்.

இதற்கு ஆதாரமாக ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையைக் காட்டுகிறார்கள். ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவிருந்தது. ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் ஒரு முறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். வகுப்பு முடிந்த கையோடு கேள்வி கேட்டு “புரிஞ்சிட்டு” என்று நம்பும் நம் வழக்கத்துக்கு நல்ல மருந்து இது.

பெட்டியில் நாலடி மூங்கில் வில், இரண்டு வீசுகோல், 12 சலங்கை, ஒரு ஜோடி ஜால்ரா. சலங்கை பாதி போதும். கான்கிரீட் அறையில் பன்னிரண்டும் குலுங்கினால் சொல் காதில் விழாது; சொல் விழாவிட்டால் பாட்டால் பயனில்லை. குடம் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். வெறும் தரையில் வைத்தால் விரிசல் விடும், வைக்கோல் புரிமணை போடுங்கள்.

இரண்டாம் நாள் படம் வரைதல். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வேம்ஸும் கூட்டாளிகளும் 2016-இல் செய்ததைப் போல ஒரு சொல்லுக்கு 40 விநாடி, பென்சில் மட்டும். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு மூன்றையும் பொதிகை மலையை வைத்து வரையச் சொல்கிறார்கள். கோணல்மாணலாக வந்தாலும் நினைவில் நிற்கும். படத்தின் அழகு முக்கியமாகத் தெரியவில்லை என்றே அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். கெடுவது இரண்டு இடத்தில். வண்ணப் பென்சில் கொடுத்தால் பிள்ளையின் கவனம் மேகத்தை விட்டு நீல நிறத்துக்குப் போய்விடும். கரும்பலகைப் படத்தைப் பார்த்து வரையவிட்டால் யோசிக்கிற வேலையை ஆசிரியரே செய்துவிட்டார் என்று பொருள். இவ்வளவு சொன்னவர்கள், மேலே சொன்ன 2006, 2016 ஆய்வுகள் கல்லூரி மாணவர்களிடம் நடந்தவை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது 2019-இல் வந்த, அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஆய்வு: ஐந்தாம் வகுப்பு அறிவியலைக் கலையோடு சேர்த்து நடத்தியபோது, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ‘அரும்பு’ என்ற தொடக்க நிலையிலேயே நிற்கும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் ஆசிரியருக்கு இதைவிடத் தேவையான செய்தி இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது.

இனி அந்தக் காலை அமர்வு. பிள்ளைகளைக் ‘கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர்’ என்று பிரிக்க ஒரு வினாத்தாள் தருகிறார்கள். அப்படிப் பிரித்து நடத்தினால் பலன் உண்டு என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று உளவியலாளர் பாஷ்லரின் குழு 2008-லேயே எழுதிவிட்டது. ‘காதால் கற்பவள்’ என்று முத்திரை குத்தப்பட்ட சிறுமிக்கு வரைபடம் காட்டாமல் விடுவது அநியாயம். அடுத்தது, மோட்சார்ட் இசை கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சு. 1993 ஆய்வில் இசை கேட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள்; இடம் சார்ந்த ஒருவகைப் புதிரில் மட்டும், கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிட்ட முன்னேற்றம் அது. வகுப்பில் பின்னணி இசை ஓடவிட இது காரணமாகாது. நடத்துபவர்கள் இந்த இரண்டையும் தூக்கிவிட்டு, அந்த நேரத்தை நாடக அமர்வுக்குக் கொடுக்கட்டும்; இப்போது அது வெறும் 40 நிமிடத்தில் அவசரமாக முடிகிறது.

பள்ளியிலிருந்து இருவராகப் போவது நல்லது. வில் ஒருவர் கையில் இருக்கும்போது, பதில் சொல்லாத பிள்ளை யார் என்று பார்க்க இன்னொருவர் வேண்டும்.