கிரிப்பை அரம் போட்டுச் சரிசெய்வதா, கை அளவு கொடுத்து வாங்குவதா?

10 மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டலோடு வரும் மரக் கிரிப், அதாவது கைப்பிடி, கைக்குச் சரியாக உட்காரவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. ஜெர்மனியின் ரிங்க் போன்ற கிரிப் தயாரிப்பாளர்களிடம் கை அளவு கொடுத்துப் புதிதாக வாங்கலாம். அல்லது இருக்கும் கிரிப்பையே அரத்தால் ராவி, எபாக்சி புட்டி (காய்ந்ததும் இறுகும் பசை மாவு) அப்பிக் கைக்கேற்ப மாற்றலாம். நான் இரண்டாவதைத்தான் செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வாங்கும் கிரிப் அழகாக இருக்கும், வேலை மிச்சம், பிறகு விற்கவும் முடியும். ராவிய கிரிப்போடு பிஸ்டலை விற்கப் போனால் விலை குறையும். செலவைப் பொறுத்தவரை புட்டி பக்கம்தான் லாபம்.

ஆனால் முடிவு செய்ய வேண்டியது வேறொரு விஷயத்தை வைத்து. குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 330 மில்லிமீட்டர் தூரம் என்று வையுங்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் ஒரு மில்லிமீட்டர் கோணினால் 10 மீட்டரில் பெல்லட் (குண்டு) 30 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டமே 11.5 மில்லிமீட்டர்தான், பத்து ஏழாகிவிடும். கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் ஆடினால் இலக்கிலும் அவ்வளவுதான் நகரும். அதனால் மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் பூட்டிக்கொள்வதுதான் முக்கியம்.

இதைச் சோதிக்க, கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு திறந்து பாருங்கள். முன் சைட் எப்போதும் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால், கிரிப்பில் பெரும்பாலும் எங்கோ மரம் அதிகமாக இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் ராவி, உப்புத்தாள் போட்டு, மறுபடி உயர்த்திப் பார்க்கலாம். நிற்கும் நிலை மாறினால் பிடியும் மாறும்; அப்போது ராவிய இடத்தில் புட்டி வைத்துக்கொள்ளலாம். அளவு கொடுத்து வாங்கியது, அளவெடுத்த நாளின் கைக்குப் பொருந்தும். அதையும் கடைசியில் ராவத்தான் வேண்டிவரும்.

ட்ரிக்கருக்கும் இதில் பங்குண்டு. விரல் மரத்தில் உரசினால் 500 கிராம் விசை கேட்கும் ட்ரிக்கரை நேராகப் பின்னோக்கி இழுக்க முடியாது, பக்கவாட்டில் தள்ளும். விரலின் அடிப்பக்கம் ஒரு தாள் நுழையும் இடைவெளி கிடைக்கும்வரை ராவுங்கள். அப்புறம் ட்ரை ஃபயர் செய்து, அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிக்கரை இழுத்து, முன் சைட் அசைகிறதா என்று கவனியுங்கள்.

புட்டி வைக்கும்போது போட்டி விதிகளை மறக்கக் கூடாது. மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும், கிரிப் அதைத் தாங்கக் கூடாது. மொத்தப் பிஸ்டலும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

25 மீட்டர் பிஸ்டலுக்கு இதே முடிவைச் சொல்லத் தயங்குகிறேன். அங்கே உதைப்பு உண்டு, எனக்கு அதில் பழக்கம் குறைவு. கை இன்னும் வளரும் பிள்ளைகளுக்கும் ராவச் சொல்ல மாட்டேன். சின்ன அளவுக் கிரிப்பை வாங்கி, உள்ளங்கையின் அடியைத் தாங்கும் தட்டை மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டால் போதும்.