ஆடம்ஸா, போர்ட்டரா? கோத்தகிரி ஈரத்தில் ஒரு படப் புத்தகம்

கோத்தகிரியில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன் ஒருவர், போன புரட்டாசியில் கடையைக் காலி செய்துவிட்டு மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். பெட்டி கட்டும்போது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால் மேசைமேல் இரண்டு புத்தகங்கள். "ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோ தம்பி. ரெண்டையும் தர மாட்டேன். உன் வீட்டு ஈரத்துல ஒண்ணைக் காப்பாத்தினாலே பெரிய விஷயம்" என்றார்.

ஒன்று, புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1983-இல் கொண்டுவந்த 'எக்ஸாம்பிள்ஸ்: த மேக்கிங் ஆஃப் 40 ஃபோட்டோகிராஃப்ஸ்'. தான் எடுத்த 40 படங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றையும் எப்படி எடுத்தேன் என்று அவரே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அது வந்த மறு வருஷம் காலமானார். மற்றது, இன்னொரு புகைப்படக்காரர் எலியட் போர்ட்டரின் 'இன் வைல்ட்னெஸ் இஸ் த பிரிசர்வேஷன் ஆஃப் த வேர்ல்ட்'. சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1962-இல் வெளியிட்ட வண்ணப் புத்தகம். படங்களுக்குத் துணையாக, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் வரிகள்.

நான் ஆடம்ஸை எடுத்துக்கொண்டேன். இன்னமும் அது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் வேறு ஒருவர் வீட்டில், வேறு ஊரில், இந்த முடிவு மாறலாம். அதனால்தான் காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

விலை, எடை, கறுப்பு வெள்ளையா வண்ணமா என்பதெல்லாம் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். இரண்டு பேருமே அமெரிக்கர்கள், சில மாத வித்தியாசத்தில் பிறந்தவர்கள், முக்காலியில் பெரிய கேமராவை ஏற்றிப் பொறுமையாக எடுத்தவர்கள். அதற்குமேல்தான் பாதை பிரிகிறது.

முதலில் போர்ட்டர். அவர் படித்தது மருத்துவம். ஹார்வர்டில் பாக்டீரியா பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1938-இன் கடைசியில் நியூயார்க்கில் புகைப்படக்காரர் ஸ்டீக்லிட்ஸ் தன் காட்சிக் கூடத்தில் அவருடைய படங்களை வைத்த பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படம் எடுக்க வந்துவிட்டார். இவர் படங்களில் வானம் அவ்வளவாக வராது. பாறையில் ஒட்டிய பாசி, ஓடையில் விழுந்த இலை, அடர்ந்த கிளைகள் இவைதான். வெயில் சுள்ளென்று அடிப்பதைவிட மேகம் மூடிய வெளிச்சம்தான் அவருக்குப் பிடிக்கும். அந்த வெளிச்சத்தில் நிழல் விழாது, பச்சைக்குள் இருக்கிற பத்துப் பச்சையும் தனித்தனியாகத் தெரியும்.

நம் ஊர் லாங்வுட் சோலைக்குள் மஞ்சு இறங்கின காலையில் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். பெரணி, மரப்பட்டை மேல் பாசி, சொட்டுகிற தண்ணீர், எதிரே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்த இடத்தை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டுமென்றால் அவர் போர்ட்டர்தான். ஆடம்ஸின் பனிமலையும் கருங்கல் சுவரும் நமக்கு ரொம்பத் தூரம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் புத்தகம் வந்த அடுத்த வருஷம், 1963-இல், போர்ட்டர் 'த பிளேஸ் நோ ஒன் நியூ' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் பள்ளத்தாக்கைப் பற்றியது. அந்த வருஷமே அணையின் மதகை மூடி அங்கே தண்ணீர் தேக்க ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளத்தாக்கு முழுகிவிட்டது, படங்கள்தான் மிச்சம். எமரால்டு, அவலாஞ்சி அணைகளின் தண்ணீரை அழகு என்று பார்த்தே வளர்ந்த எனக்கு, அதற்கு அடியில் என்ன இருந்தது, யாராவது அதைப் படம் எடுத்து வைத்தார்களா என்று முதல்முறையாகக் கேட்கத் தோன்றியது இதை அறிந்த பிறகுதான்.

ஆடம்ஸும் அந்த வழிக்காரர்தான். கலிபோர்னியாவின் சியரா மலைகளைப் பற்றி அவர் 1938-இல் வெளியிட்ட புத்தகம், 1940-இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அமைய உதவியது. ஆக, காட்டுக்காகப் பேசியதில் இருவருமே சமம்.

சரி, ஆடம்ஸுக்கு வருவோம். இளவயதில் பியானோ கலைஞராகப் போக நினைத்தவர் அவர். நெகட்டிவ் என்பது எழுதி வைத்த இசைக் குறிப்பு மாதிரி, பிரிண்ட் போடுவது அதை வாசிப்பது மாதிரி என்பது அவர் கொள்கை. இந்தப் புத்தகம் முழுக்க அந்த வாசிப்பைத்தான் விளக்குகிறார். எது தவறிப் போனது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊரின்மேல் நிலா எழும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக அமையாத ஒரு நாளின் முடிவில் காரில் திரும்பி வருகிறார். ஊருக்குமேல் நிலா, கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில். வண்டியை ஓரங்கட்டி அவசரமாக கேமராவைப் பூட்டுகிறார். வெளிச்சம் அளக்கிற மீட்டரைக் காணவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்ற கணக்கு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்தே லென்ஸ் துளை எஃப் 32, நேரம் ஒரு விநாடி என்று முடிவு செய்து எடுத்துவிட்டார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. என்றைக்கு எடுத்தது என்பதுகூட அவருக்கு நினைவில்லை. நிலா நின்ற இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பிற்பாடு சொன்னார்கள், 1941 நவம்பர் 1 என்று. ஒற்றை நெகட்டிவ்தான். அதிலிருந்து வாழ்நாள் முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் பிரிண்ட் போட்டார். வயது ஏற ஏற வானத்தை இன்னும் கறுப்பாக்கிக்கொண்டே போனார்.

இதைப் படித்துவிட்டு ஸ்டுடியோ அண்ணனிடம் பேசினேன். ஊட்டி இந்து நகர் பிலிம் கம்பெனியின் கறுப்பு வெள்ளைப் பேப்பரில் அவர் காலத்தில் பிரிண்ட் போட்டதைச் சொன்னார். முகத்தில் வெளிச்சம் அதிகம் விழாமல் இருக்க படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜருக்கு அடியில் கையைக் காட்டி மறைப்பாராம். கல்யாணப் படத்துக்கும் அதே வித்தைதான். 1967-இலிருந்து பிலிம் தயாரித்த மலை இது. அந்தக் கைவேலையை எழுத்தில் படிக்க எனக்கு இந்தப் புத்தகம்தான் கிடைத்தது.

நடைமுறைப் பயனும் உண்டு. 1940-ஐ ஒட்டி ஃபிரெட் ஆர்ச்சர் என்ற புகைப்படக்காரரோடு சேர்ந்து ஆடம்ஸ் ஒரு முறையை வகுத்தார். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை படிகளாகப் பிரித்து, எந்தப் பொருள் எந்தப் படியில் விழ வேண்டும் என்று முன்னாலேயே தீர்மானிப்பது. கேமராவுக்கு எதைக் காட்டினாலும் அது நடுச் சாம்பல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். கோடநாடு காட்சி முனையில் மஞ்சைக் காட்டினால் அழுக்குத் துணி நிறத்தில் வருவது அதனால்தான். மஞ்சு நடுப்படிக்கு இரண்டு படி மேலே இருக்க வேண்டும் என்று வைத்து, அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டினால் வெள்ளையாகவும் வரும், உள்ளே மரத்தின் உருவமும் நிற்கும். செல்போனிலும் இது நடக்கிறது.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது காரணம்தான். என் முடிவைத் தீர்த்தது பராமரிப்பு.

சில வருஷம் முன்பு கனமான வண்ணப் புத்தகம் ஒன்றைக் காசு சேர்த்து வாங்கினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறை போட்டு, கண்ணாடி பீரோவில் நிற்க வைத்தேன். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. தை பிறந்து வெளியே எடுத்தால் நடுவில் ஐம்பது அறுபது பக்கம் செங்கல் மாதிரி ஒட்டிக்கிடந்தது. பிரிக்கப் பார்த்தேன். படம் ஒரு பக்கமும் காகிதம் ஒரு பக்கமுமாக உரிந்து வந்தது. அன்றைக்கு இரவு சாப்பிடவே மனம் வரவில்லை.

காரணம் இதுதான். படப் புத்தகங்களுக்குப் பெரும்பாலும் களிமண் பூச்சு கொடுத்த வழவழப்பான காகிதத்தைப் போடுகிறார்கள். அந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கிற பசை நன்றாக ஈரமானால் இளகும், மூடியபடியே காய்ந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். அப்புறம் எந்த வைத்தியமும் இல்லை. பூஞ்சை வேறு கதை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே அது கிளம்பிவிடும். நம் மலையில் மழைக்காலம் முழுக்க அதற்கு மேல்தான். பிளாஸ்டிக் உறை ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே பிடித்து வைக்கும். கண்ணாடி பீரோவும் அதையேதான் செய்யும். வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் சுவரின் குளிர்ச்சியில் தண்ணீர் கோக்கும்.

இப்போது சமையலறைப் பக்கத்து உள்சுவரில், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, திறந்த அலமாரியில் வைக்கிறேன். லென்ஸுக்குப் போடுவது போலச் சிலிக்கா ஜெல் போட்டுப் பார்த்தேன். திறந்த அலமாரியில் அது நிற்காது. பழைய ஆட்கள் பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவார்கள், அது நல்ல வழி. எல்இடி பல்பு போட்டால் சூடு போதாது. வெயிலில் காயவைப்பது கூடவே கூடாது, அட்டை வளைந்துவிடும்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு. அடிக்கடி திறக்கிற புத்தகத்துக்குப் பூஞ்சை அவ்வளவு எளிதில் வருவதில்லை. காற்றுப் படுகிறது, பக்கம் நகர்கிறது, ஒரு வெள்ளைப் புள்ளி வந்தால் அன்றைக்கே கண்ணில் படுகிறது. இங்கேதான் இரண்டு புத்தகமும் எனக்குப் பிரிந்தன. அதற்கு முந்தின வருஷம் போர்ட்டரை அண்ணனிடம் இரவல் வாங்கி ஒரு மழைக்காலம் வைத்திருந்தேன். முதல் வாரம் மூன்று தடவை புரட்டினேன், மெய்மறந்து போனேன். அப்புறம் பூஜைப் பொருள் மாதிரி அலமாரியில் வைத்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது முதுகுத் துணியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்த மெல்லிய துணியால் வாசலில் வைத்துத் துடைத்தார். அந்த நினைவில்தான் ஈரத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

ஆடம்ஸ் அப்படிக் கிடக்க விடுவதில்லை. 40 கட்டுரை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்தால் முடிக்கவே ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகிவிடும், அதற்குள் முதல் கட்டுரை மறந்திருக்கும், மறுபடி தொடங்கலாம். நான் இப்போது இரண்டாவது சுற்றில் இருக்கிறேன். ஒரு பக்கத்திலும் புள்ளி இல்லை.

போர்ட்டரோடு நான் இருந்தது அந்த ஒரு மழைக்காலம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோரோவின் பழைய ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் ஓடும். அதைச் சரளமாகப் படிக்கிறவர் தினமும் அந்தப் புத்தகத்தைத் திறப்பார், அவரிடம் அதுவும் நன்றாகவே இருக்கும். இன்னொரு விஷயம், பழுப்புப் புள்ளி விழுந்தால் ஆடம்ஸின் வெள்ளை மேகத்தில் அது உடனே குத்தும். போர்ட்டரின் சருகுகளுக்கு நடுவில் தெரியாமலே போகும். இருவரின் அசல் பிரிண்டையும் நான் நேரில் கண்டதில்லை. அச்சில் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். அந்த அளவில், வண்ணத்தைவிடக் கறுப்பு வெள்ளை அச்சில் குறைவாக இழக்கிறது என்று என் கண்ணுக்குப் படுகிறது.

கொடைக்கானல், பண்ணைக்காடு பக்கம் இருப்பவர்களுக்கும் ஈரம் இதே ஈரம்தான். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருந்துகொண்டு சோலைக்காட்டை நினைத்து ஏங்குகிறவர் என்றால் யோசிக்காமல் போர்ட்டரை வாங்குங்கள்.

அண்ணன் போர்ட்டரை மேட்டுப்பாளையத்துக்கே கொண்டுபோய்விட்டார். அங்கே வெயில் நன்றாகக் காய்கிறது, முதுகுத் துணியில் இப்போது ஒன்றும் இல்லை என்று போனில் சொன்னார். சித்திரையில் கீழே இறங்கும்போது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பார்க்கப் போகிறேன்.