கௌபி வகைகளைப் பிரித்தறிய: கிளைப்படமா, அச்சுப்படமா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் வீட்டு விதையாகக் காப்பாற்றப்பட்டுவரும் கௌபியை (தட்டைப்பயறை)த் திரட்டி, மணற்பாங்கான ஒரு துண்டு நிலத்தில் வகைக்கொரு வரிசையாக விதைத்தோம். பூக்கும் நாள், காயின் நீளம், ஒரு காயிலுள்ள விதைகள், நூறு விதைகளின் எடை எனப் பதிவுசெய்ததில் பெரிய அட்டவணை ஒன்று கையில் வந்தது. இதில் எது எதற்கு நெருக்கம் என்று அறிய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கொத்துப் பகுப்பாய்வு. அது ஒத்த வகைகளைப் படிப்படியாக இணைத்துக் கிளைப்படம் தரும். மற்றது முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு. அது எல்லா அளவுகளையும் சேர்த்து அமைத்த புதிய அச்சுகளின்மேல் ஒவ்வொரு வகையையும் ஒரு புள்ளியாக நிறுத்தும்; அதுவே அச்சுப்படம். முதற்போகத்தில் நான் தேர்ந்தது கிளைப்படத்தை. இப்போது அச்சுப்படத்தையே நம்புகிறேன்.

பொதுவானவற்றை நீட்டத் தேவையில்லை. இரண்டையும் செய்யும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். கணிப்பு சில விநாடி வேலை. நாள், சென்ரிமீற்றர், கிராம் என அலகுகள் வேறுபடுவதால், எந்த முறையானாலும் ஒவ்வொரு அளவிலிருந்தும் இடையை (சராசரியை)க் கழித்து, அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுத்துக்கொள்ள வேண்டும்.

கிளைப்படத்தின் பலம் அது எவருக்கும் விளங்குவது. வம்சாவளி வரைபடம்போல இருப்பதால், விதை தந்த விவசாயியிடம் காட்டியபோது அவர் தன் விதையின் ‘சொந்தக்காரர்களை’ விரலால் தொட்டுத் தேடினார். அந்த மகிழ்ச்சியை அச்சுப்படம் தருவதில்லை. ஆனால் கொத்துப் பகுப்பாய்வு எந்தத் தரவைக் கொடுத்தாலும் கொத்துகளைத் தந்துவிடும். எழுந்தமானமான எண்களை ஊட்டினாலும் நேர்த்தியான மரம் முளைக்கும். வாவியின் இரு கரை விதைகளும் இரு கிளைகளாகப் பிரியும் என்று நாங்கள் ஆசைப்பட்டோம். பிரியவில்லை. பிரியவேண்டிய காரணமும் இல்லை: மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் முன்பே விதை ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏறிப் போயிருக்கிறது; அக்கரைக்கு மாப்பிள்ளையாகப் போனவர் கையோடும் போயிருக்கிறது. அச்சுப்படத்தில் புள்ளிகள் இடைவெளியின்றிப் பரந்து கிடந்தபோதுதான், நான் தெளிவான குழுக்கள் என்று எண்ணியவை ஒரு தொடர்ச்சியின்மேல் நானே போட்ட வெட்டுகள் என்று விளங்கியது.

இருந்தும் என்னை மாற்றியது அதுவல்ல. அடுத்த போகத்தில் வந்து சேர்ந்த புதிய விதைகள்தான். சேகரிப்பு என்பது ஒருநாளும் முடிகிற வேலை அல்ல. ஒருவர் வாகரையிலிருந்து ஒரு பிடி கொண்டுவருவார், இன்னொருவர் அம்பாறைப் பக்கத்திலிருந்து அனுப்புவார். ஒரு சில வகைகளைச் சேர்த்துக் கிளைப்படத்தை மீண்டும் வரைந்தால், சராசரித் தூரங்கள் மாறும், இணையும் ஒழுங்கு மாறும். சென்ற போகத்தில் மூன்றாம் கொத்தில் இருந்த பழைய விதை, தன்னில் எந்த மாற்றமும் இல்லாமலே இரண்டாம் கொத்துக்குப் போய்விடும். விதைப் போத்தல்களில் ஒட்டிய கொத்து எண்களையெல்லாம் கிழித்து மறுபடி ஒட்டும்போது, இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற கேள்வி என்னை உறுத்தியது.

முதன்மைக் கூறுகளில் அந்தத் தொல்லை இல்லை. முதற்போகத்தின் இடைகளையும் நியம விலகல்களையும் ஒவ்வொரு அச்சிலும் ஒவ்வொரு இயல்புக்கும் உள்ள பெருக்கெண்களான குணகங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். உதாரணத்துக்கு, காய் நீளத்தின் இடை 15 சென்ரிமீற்றர், நியம விலகல் 3 என்றால், புதிதாக வந்த 18 சென்ரிமீற்றர் காய்க்கு மதிப்பு 1. இவ்வாறு ஒவ்வொரு இயல்பையும் மாற்றி, குணகத்தால் பெருக்கிக் கூட்டினால் பழைய படத்திலேயே புதிய புள்ளி விழும். பழையவை அசைவதில்லை. மழை தவறிய போகத்தில் பூக்கும் நாள் முழுவதுமே நகர்ந்துவிடுமே என்று கேட்கலாம். அதற்காகத்தான் வருணி, எம்.ஐ. 35 போன்ற தெரிந்த வகைகளை ஒவ்வொரு போகத்திலும் கூடவே விதைக்க வேண்டும். அவை எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து மற்றவற்றைத் திருத்தலாம். கிளைப்படத்திலும் புதியதை மிக அருகிலுள்ள கொத்தில் போடலாம் என்பார்கள். போடலாம்தான். ஆனால் எதற்கும் ஒத்துவராத புதுமையான விதையும் அப்போது ஏதோ ஒரு கொத்துக்குள் திணிக்கப்படும். நாம் தேடித் திரிவதே அப்படிப்பட்ட விதையைத்தான்.

அச்சுப்படத்தின் குறைகளும் உண்மையானவை. முதல் இரண்டு அச்சுகள் தொடாத இயல்பில் புதுமை இருந்தால், அந்த விதை படத்தின் நடுவில் சாதாரணமாக நிற்கும். மூன்றாம், நான்காம் அச்சுகளையும் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. பயற்றையும் கௌபியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தவறிப்போய் ஒரு பயற்றை விதை கூட்டத்தில் கலந்துவிட்டால், அதன் நீண்ட காய் முதலாம் அச்சைத் தன் பக்கம் இழுத்துவிடும். விதைத்தோலின் நிறம், விதைக் கண்ணின் நிறம், படர்கிறதா செடியாக நிற்கிறதா என்பவற்றை எண்ணாக்கி இதற்குள் நுழைப்பது சரியல்ல. அப்படிப்பட்ட இயல்புகள் கூடுதலாக இருந்தால், எண்களையும் இத்தகைய இயல்புகளையும் சேர்த்து ஒப்பிடக்கூடிய, 1971 இல் புள்ளியியலாளர் கோவர் முன்வைத்த ஒப்புமை அளவையுடன் கொத்துப் பகுப்பாய்வுக்கே போவேன்.

மூன்றாவது வழியாக, வகைகளுக்கிடையிலான வேறுபாட்டை அளக்க இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1936 இல் விளக்கிய தூரமும் உண்டு. காய் நீளமும் விதை எண்ணிக்கையும்போல ஒன்றோடொன்று இணைந்த இயல்புகளை இருமுறை எண்ணாமல் காப்பது அதன் சிறப்பு. ஆனால் அதற்குத் தேவையான, வகைகளுக்குள் உள்ள மாறுபாட்டை மதிப்பிட ஒவ்வொரு வகையையும் பல பாத்திகளில் மீளவும் விதைத்திருக்க வேண்டும். ஒரு பிடி விதையில் ஒரு வரிசைதான் எங்களுக்குக் கிடைத்தது. வேறொருவரின் தரவில் ஒருமுறை மட்டும் செய்து பார்த்திருப்பதால், அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. இந்தப் பெரும்போகத்தில் விதை பெருகினால், மூன்று மீள்பாத்திகளில் அதையும் செய்து பார்க்கும் எண்ணம் இருக்கிறது.