உடுக்கடியா, ஒரு பிடி திருநீறா? டர்ன் அன்டெட் ஒப்பீடு

பால்டர்ஸ் கேட் 3 கேம் 2023இல் வந்தது, அளவு கிட்டத்தட்ட 150 ஜிபி. உப்புவெளியில் எங்கள் வீட்டு இணைப்பில் அது இறங்கி முடிய நாலு இரவு போனது. அந்த நாலு இரவும் சும்மா இருக்க ஏலாமல் 2000ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தைத் திரும்ப எடுத்து விளையாடினேன். அதனால்தான் கிளெரிக் (தெய்வசக்தியால் மந்திரம் போடும் பூசாரிப் பாத்திரம்) எழும்பி நடமாடும் பிணங்களை விரட்டும் விதம், அதாவது டர்ன் அன்டெட், இரண்டிலும் எவ்வளவு வேறு என்று கண்ணில் குத்தியது.

பழையதில் பட்டனை ஒருதரம் அழுத்தினால் சரி, நிறுத்தும்வரை ஒவ்வொரு ரவுண்டும் தானாக ஓடும், நாளுக்கு இத்தனை தரம் என்ற கணக்கே இல்லை. ஆனால் அதுவரை கிளெரிக் அடிக்கவும் முடியாது, ஸ்பெல் போடவும் முடியாது. உடுக்கை கீழே வைக்காத பூசாரி மாதிரித்தான். லெவல் குறைவாக இருக்கும்போது எலும்புக்கூடுகள் ஓடும், பெரியவை திரும்பியும் பார்க்காது. லெவல் ஏறின பிறகு பாருங்கள்! கல்லறைக்குக் கீழே வாம்பயர் தலைவி போடியின் குகையில் வாம்பயர்கள் என் முன்வரிசை ஆளின் லெவலை உறிஞ்சிக்கொண்டிருக்க, என் கிளெரிக் அனோமெனை வாசலில் நிறுத்தி இதைப் போட்டுவிட்டேன். ஓட்டமெல்லாம் இல்லை, ஒரு வாம்பயர் நின்ற இடத்திலேயே சிதறிப் போனது. தீய கிளெரிக்கான விகோனியா என்றால் பிணங்கள் கட்சி மாறி நமக்காகவே சண்டை போடும். கூட வரும் கெல்டோர்னை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அவர் பேலடின்தான் (பிணங்களை விரட்டத் தெரிந்த புனித வீரர்), ஆனால் அதில் இன்குவிசிட்டர் என்ற வகை என்பதால் இந்த வித்தையே கிடையாது. நான் அதை மறந்துபோய் ஒரு சேவ் முழுக்க நாசமாக்கினேன்.

நெவர்வின்டர் நைட்ஸ் (2002) என்ற இன்னொரு கேம் இரண்டுக்கும் நடுவில். மூன்றோடு கரிஸ்மா (ஆளின் கவர்ச்சி) போனஸைக் கூட்டினால் எவ்வளவோ அத்தனை தரம்தான் போடலாம், ஓய்வெடுத்தால் திரும்பக் கிடைக்கும். உண்மையைச் சொன்னால், டிவைன் மைட் (அந்தத் தரங்களைச் செலவழித்து அடியின் பலத்தைக் கூட்டும் திறமை) எடுத்த பிறகு நான் அந்தத் தரங்களைப் பேய்க்குச் செலவழித்ததே இல்லை, எல்லாம் வாள் அடிக்குத்தான்.

மூன்றாம் பாகத்தில் இது ஒரு பிடி திருநீறு. சானல் டிவினிட்டி (கிளெரிக்குக் கிடைக்கும் எண்ணிக்கையுள்ள தெய்வசக்தி) ஒன்று செலவு, 9 மீட்டருக்குள் நிற்கும் பிணங்கள் விஸ்டம் சேவிங் த்ரோவில் (பகடை உருட்டி எதிர்த்துப் பார்ப்பதில்) தோற்றால் விலகி ஓடும், தப்பினால் உங்கள் முறை வீண். ஓடுகிறதைப் பின்னால் போய் அடித்தால் மயக்கம் தெளிந்து திரும்பி வரும். ஐந்தாம் லெவலில் ஓடுகிறவற்றுக்கு 4டி6 (நாலு ஆறுமுகப் பகடை) அளவு ரேடியன்ட், அதாவது ஒளிச் சேதமும் விழும், அதுவரை இது நேரம் வாங்கித் தரும் வேலைதான். நாலைந்து சுற்றிவளைத்தால் மூச்சுவிட நல்லது, ஒன்றை மட்டும் விரட்ட எடுத்தால் நட்டம். என்னைக் கேட்டால் பழையதே மேல். புதியதில் ஷார்ட் ரெஸ்டில் (சின்ன ஓய்வில்) திரும்பக் கிடைப்பது மட்டும் பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த மச்சானிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவன் மூன்றாம் பாகத்தின் முதல் அங்கத்தில் விதர்ஸ் என்ற பாத்திரம் கிடக்கும் நிலவறைக்குப் போய், சுற்றிக் கிடந்த எலும்புக்கூடுகளின் ஆயுதங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தான், அப்புறம்தான் சுவரில் இருந்த பட்டனை அழுத்தினான். எழும்பியவை வெறுங்கையோடு முழித்தன. கூட வந்த கிளெரிக் ஷாடோஹார்ட் ஒன்றும் செய்யாமல் நின்றாள்.