ஆர்.சி.சி.யா, அடையாறா, நெய்யூரா?

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் குமரி மாவட்டத்துக் குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், வீட்டில் அன்றைக்கே பட்டிமன்றம் தொடங்கிவிடும். மாமா திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி. என்பார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் அங்குள்ள அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்பான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியே போதும்.

பேரை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அடையாறு 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கி, டாக்டர் சாந்தா ஆயுசு முழுக்க வளர்த்த இடம். ஆர்.சி.சி. 1981இல் வந்தது. ரெண்டுமே நம்பிப் போகக்கூடியவை. எனவே என்ன சிகிச்சை, அதற்கு எத்தனை தடவை போகவேண்டும் என்று பார்த்து முடிவெடுப்பதே என் கட்சி.

கதிர்வீச்சு, அதாவது நம் ஊரில் 'கரண்டு வைக்கிறது', என்றால் தூரம்தான் முதல் கணக்கு. ஒரு தடவைக்கு மேஜையில் படுத்திருப்பது சில நிமிஷம்தான். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் போகவேண்டும். வாய், தொண்டைப் புற்றுக்கு ஆறேழு வாரம் ஆகும். மார்பகத்துக்கு இப்போது பலருக்கும் மூன்று வாரத்தில் முடிக்கிறார்கள். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கி.மீ.; காலையில் போய் வீடு திரும்பலாம். சென்னை என்றால் அத்தனை வாரத்துக்கும் அறை வாடகை, கூட இருப்பவரின் கூலி இழப்பு எல்லாம் சேரும். தொண்டை புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காத நாட்களில் சொந்த அடுப்படி பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம். நெய்யூரில் உங்களுக்கு வேண்டிய கருவியும் முறையும் இருந்தால் இன்னும் வசதி. ஆனால் பாதியில் இடம் மாற்ற நினைக்காதீர்கள். கதிர்வீச்சுத் திட்டத்தை அந்த இயந்திரத்துக்கும் நோயாளியின் முகத்துக்குச் செய்த மாஸ்க்குக்கும் ஏற்பத்தான் போடுகிறார்கள்.

அறுவை சிகிச்சையில் என் தராசு மறுபக்கம் சாயும். உணவுக்குழாய், கணையம் போன்ற சிக்கலான இடமென்றால், அதையே அடிக்கடி செய்கிற கைகளைத் தேடி 700 கி.மீ. போனாலும் தகும். குழித்துறையில் அனந்தபுரி ரயில் ஏறினால் நேரே சென்னை எழும்பூர். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் கழிவு. டாக்டர் கையெழுத்திட்ட ரயில்வே படிவம் மட்டும் வேண்டும்.

மருந்து ஏற்றுவது, அதாவது கீமோ, இரண்டுக்கும் நடுவில். பல மருந்துகளுக்கு 21 நாளுக்கு ஒரு தடவை போனால் போதும் என்பதால் தூரம் தாங்கும் என்று தோன்றும். ஆனால் ஏற்றிய ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் இறங்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி போகவேண்டும். காலையில் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. அதனால் திட்டத்தைப் பெரிய இடத்தில் எழுதி வாங்கி, பக்கத்தில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். பயாப்சிக்கு எடுத்த சதையின் ஸ்லைடையும், அதை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கையும் வாங்கிக் கையில் வைத்திருந்தால் எங்கே போனாலும் காட்டலாம்.

காசு? தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எல்லை தாண்டிய ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்பதைச் சேருமுன்பே காப்பீட்டு மேஜையில் விசாரியுங்கள்.

வலி தணிப்புச் சிகிச்சையில் கேரளம் நமக்கு முன்னே போய்விட்டது. 2008இலேயே இதற்கென்று அரசுக் கொள்கை வகுத்த மாநிலம். எல்லைக்கு அந்தப் புறம் பாறசாலைப் பக்கம் பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீட்டுக்கே வருவார், ஆனால் அந்த ஏற்பாடு அந்த ஊர்க்காரர்களுக்கு. நம் பக்கம் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டத்தில் இதுவும் சேர்ந்திருக்கிறது. கடைசி நாட்களுக்குத்தான் இது என்று ஒதுக்காதீர்கள், முதல் மாதமே பேர் கொடுக்கலாம். எந்த ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, டிஸ்சார்ஜ் அன்றைக்கே ரெண்டு விஷயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: ராத்திரி வலி கூடினால் யாரைக் கூப்பிடுவது, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை நம் ஊருக்குப் பக்கத்தில் எங்கே கிடைக்கும்.