சொந்தமாக எழுதிய பாஸ்வேர்டு ஸ்கிரிப்ட்: ரொம்ப நாள் ஓட்டிய பிறகு

"மச்சி, அந்த பாஸ்வேர்டு ஸ்கிரிப்டை இன்னும் வச்சிருக்கியா? நல்லா இருந்தா நானும் ஒண்ணு எழுதிக்கறேன்" என்று நண்பன் கேட்டான். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் இந்த நீளப் பதில்.

புதுப் பாஸ்வேர்டுகளை உருவாக்கித் தரும் அந்த ஸ்கிரிப்ட், பைத்தான் நிரல்மொழியில் பத்து வரிகூடத் தேறாது. எழுத்துகளையும் எண்களையும் ஒரு சரத்தில் போட்டு, பைத்தானோடு வரும் சீக்ரெட்ஸ் மாட்யூலிடம் குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னால் முடிந்தது. ராண்டம் மாட்யூலை மட்டும் இதற்குத் தொட வேண்டாம். அதற்குள் இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற எண் உருவாக்கும் சூத்திரம். அது வரிசையாகத் தரும் 32 பிட் எண்களில் 624 கையில் கிடைத்தால், அடுத்து என்ன வரும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். சீக்ரெட்ஸ் அப்படியில்லை, கணிக்க முடியாத எண்களை இயங்குதளத்திடம் கேட்டு வாங்குகிறது. பைத்தான் 3.6 முதல் கூடவே வருவதால் தனியாக எதையும் நிறுவவும் வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறையெல்லாம் குறியீடுகளில்தான். பைத்தானே தயாராக வைத்திருக்கும் 32 குறிகளையும் சேர்த்தால் மொத்தம் 94 எழுத்துகள், பாஸ்வேர்டைப் பார்க்கவே கம்பீரமாக இருக்கும். அதைக் கொண்டுபோய் எங்கேயாவது ஒட்டும்போதுதான் தலைவலி. கட்டளை அடிக்கும் டெர்மினலில் இரட்டை மேற்கோளுக்குள் $ வந்தால் அதை ஒரு மாறி என்று நினைத்து, அதிலிருந்து ஒரு துண்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ! வந்தால் பழைய கட்டளையைத் தேடப் போய்விடும். டேட்டாபேஸ் முகவரியில் @ வந்தால், சில லைப்ரரிகள் பாஸ்வேர்டு அங்கேயே முடிந்தது என்று முடிவுகட்டி, மீதியை சர்வர் பெயராக எடுத்துக்கொண்டு "அப்படி ஒரு சர்வரே இல்லை" என்று கைவிரிக்கும். பிழைச் செய்தியில் பாஸ்வேர்டு என்ற சொல்லே இருக்காது. நாம் நெட்வொர்க்கைக் குடைந்துகொண்டிருப்போம்.

சரி, குறிகளே வேண்டாம் என்று எல்லாவற்றையும் தூக்கினேன். கூடவே குழப்பும் ஐந்தையும்: சிறிய எல், பெரிய ஐ, பெரிய ஓ, ஒன்று, பூஜ்யம். மிச்சம் 57. அப்புறம் கணக்குப் போட்டால்தான் சந்தோஷம். பாஸ்வேர்டின் வலிமையை பிட்டில் அளப்பார்கள், பிட் கூடக் கூட ஊகிப்பது கடினம். 94 எழுத்துகளில் 16 இடம் என்றால் ஏறக்குறைய 105 பிட். 57-இல் 18 இடம் என்றாலும் அதே 105 பிட்! இரண்டே எழுத்து நீளத்துக்கு, அத்தனை குறிகளும் தொலைந்தன. ஆறு ஆறாகப் பிரித்து நடுவில் சிறுகோடு போடவைத்தேன். கோட்டால் வலிமை கூடாது, ஆனால் பார்த்து டைப் செய்யும்போது கண் வழுக்காது. டிவி ரிமோட்டில் வைஃபை பாஸ்வேர்டு அடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு நுணுக்கம்: 18 இடத்திலும் ஓர் எண்கூட விழாமல் போவது சுமார் பதினைந்தில் ஒருமுறை நடக்கும். எண் கட்டாயம் என்கிற தளம் அதை நிராகரிக்கும். வலுக்கட்டாயமாக ஓர் எண்ணைக் கடைசியில் செருகுவதைவிட, எண் இல்லாவிட்டால் முழுசையும் தூக்கிப்போட்டு மறுபடி உருவாக்குவதே நல்லது.

இத்தனைக்குப் பிறகும் என் வங்கியின் தளத்தில் இது நுழையாது. சிறுகோடு அங்கே "சிறப்பு எழுத்து" இல்லையாம். அவர்கள் சொல்லும் நாலைந்து குறிகளில் ஒன்றுதான் வேண்டும், நீளம் 15-ஐத் தாண்டக் கூடாது, பேஸ்ட் செய்யவும் கூடாது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட கையேடுதான் இந்த மாதிரி குறி கட்டாய விதிகளைப் பரப்பியது. அதை எழுதிய பில் பர் என்பவரே 2017-இல் அதற்காக வருத்தப்பட்டார். அதே ஆண்டு வந்த நிஸ்டின் புதிய வழிகாட்டி, குறி கட்டாயம் என்று சொல்லாதீர்கள், பேஸ்ட் செய்ய விடுங்கள் என்றது. அதெல்லாம் என் வங்கிக்காரர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஸ்கிரிப்ட் மேல் தப்பில்லை என்று தெரிந்தும், அந்தப் பக்கம் சிவப்பாகத் திட்டும்போதெல்லாம் எனக்கு ஸ்கிரிப்ட் மேல்தான் கோபம் வருகிறது.

ஆகவே மச்சி, நீ எழுதாதே. உருவாக்குவது பத்து வரி, பத்திரப்படுத்துவதுதான் வேலை. கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு மேனேஜரைப் போட்டுக்கொள், இரண்டும் அதிலேயே இருக்கிறது, குழப்பும் எழுத்துகளை விலக்கவும் வழி உண்டு. நான் மாறுவேனா என்று கேட்காதே, மாட்டேன். போன வாரம்தான் என்னுடையதில் வங்கிக்கென்று தனியாக ஓர் ஆப்ஷன் சேர்த்தேன். அதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.