செஞ்சிக் கோட்டையில் சூரிய உதயம் என்று சொல்லி 7,400 ரூபாய் ஏமாற்றினார்கள், யாரும் புக் செய்யாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மூன்று நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. பெயரைப் போடவில்லை. படம் போடும் ஆப்பில் வார இறுதி டிரெக்கிங் நடத்துகிறோம் என்று விளம்பரம் செய்யும் பக்கங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு 66 வயது. சின்ன வயதில் விடிய விடியத் தெருக்கூத்தில் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதை பார்த்து வளர்ந்தவர். அவருடைய பாராசாரிக் குதிரையைப் பற்றி இப்போதும் என் மகளுக்குச் சொல்வார். மராட்டியர் கோட்டைகள் 12-ஐ 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான் என்று பேப்பரில் படித்ததிலிருந்து, "ஒரு தடவை ராஜகிரி உச்சியில நின்னு பார்க்கணும்ப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோட்டையிலேயே உயரமான மலை ராஜகிரிதான். அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ராஜகிரி உச்சியிலிருந்து சூரிய உதயம், வழிகாட்டி, டிரோன் வீடியோ, காலைச் சாப்பாடு, வேன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,850 ரூபாய். நான், மனைவி, மகள், அப்பா, மொத்தம் 7,400 ரூபாய்.

உடனே பணம் அனுப்பிவிடவில்லை. போன் செய்து, கோட்டைதான் 9 மணிக்குத் திறக்குமே, சூரிய உதயத்துக்கு எப்படி விடுவார்கள் என்று கேட்டேன். பேசிய பெண் கொஞ்சம்கூடத் தயங்காமல், "ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கியிருக்கோம் அண்ணா" என்றாள். அதோடு விட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். அப்பா வருகிறார் என்றதும் வயது என்ன, முட்டி வலி உண்டா, சுகர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "அப்பாவுக்குன்னு ஒரு ஆள் கூடவே வருவார், ஊன்றுகோலும் குளுக்கோஸும் கொண்டு வர்றோம், நீங்க கவலையே படாதீங்க" என்றாள். சொந்தத் தங்கச்சி மாதிரிப் பேசினாள். அந்த இடத்தில்தான் நம்பினேன். பணம் அனுப்பும்போது அந்தப் பக்கத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒருவருடைய பெயர் வந்தது. அதைப் பார்த்தும் அனுப்பினேன்.

இரவு 2 மணிக்கு வடபழனியில் வேன் என்றார்கள். வந்தது 4.15-க்கு. அதுவரை அப்பா மூடியிருந்த கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். வேனில் வழிகாட்டி இல்லை, கூடவே வருவார் என்ற ஆள் இல்லை, டிரைவர் மட்டும்தான். திண்டிவனம் தாண்டும்போதே விடிந்துவிட்டது. செஞ்சி போய்ச் சேர்ந்தபோது கோட்டை வாசல் பூட்டியிருந்தது. காவலரிடம் ஸ்பெஷல் பர்மிஷன் என்றேன். "அப்படி எதுவும் கிடையாது சார், உங்களை மாதிரி போன வாரமும் ஒரு வண்டி வந்துச்சு" என்றார். அந்தப் பெண்ணின் நம்பருக்கு 11 தடவை அடித்தேன், எடுக்கவில்லை.

9 மணிக்கு ஆளுக்கு 25 ரூபாய் டிக்கெட்டும் நாங்களே எடுத்துத்தான் உள்ளே போனோம். ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி உயரம், செங்குத்தான படிகள், வெயில் ஏற ஏறப் பாறை அனலடிக்கும். அப்பா பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறினார். கமலக்கண்ணியம்மன் கோயில் வரை வந்துவிட்டார். அங்கிருந்தே எதிரில் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி தெரிந்தது, கீழே கல்யாண மகாலின் கூம்பு, அதைச் சுற்றி வயல்கள். அந்த நேரத்தில் டிரைவர் போன். 11 மணிக்கு வண்டி எடுக்கச் சொல்லித்தான் தனக்கு வாடகை பேசியிருக்கிறார்கள், வரவில்லை என்றால் கிளம்பிவிடுவேன் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கே பாதி வாடகைதான் கொடுத்திருக்கிறார்களாம். பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நான் சொன்னேன், ஆனால் பைகள் எல்லாம் வண்டியில், மகள் வேறு விடியற்காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அப்பா உச்சியை அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, இறங்கலாம்" என்றார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு பாலம் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் மேலே போக முடியும். அந்தப் பாலத்தைப் பற்றித்தான் வேனில் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று மாலை பணத்தைக் கேட்டு மெசேஜ் போட்டேன். "டீம்கிட்ட பேசிட்டு சொல்றோம் அண்ணா." திங்கட்கிழமை, "டிரைவர் பண்ணின தப்பு, அவர்கிட்டயே கேட்டுக்கோங்க." அப்புறம், "நீங்க மெதுவா ஏறினதுக்கு நாங்க பொறுப்பில்ல." அப்பாவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன அதே வாய்! கடைசியில் அடுத்த டிரிப்புக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். 7,400 ரூபாய் முழுசாக வேண்டும் என்றேன், பிளாக் செய்துவிட்டார்கள். அவர்கள் படத்துக்குக் கீழே மனைவி எழுதியதையும் ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

செஞ்சி போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சூரிய உதயத்துக்கு உள்ளே விடுகிறோம் என்று யார் சொன்னாலும் பொய். கிளாம்பாக்கத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை பஸ் போகிறது, நீங்களே போங்கள். 9 மணிக்கே ராஜகிரி ஏறிவிடுங்கள், தண்ணீர் நிறைய வேண்டும், குரங்குகள் பையைப் பிடுங்கும். பணம் அனுப்பும்போது வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மனைவி காட்டினாள், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் புது போஸ்டர் போட்டிருக்கிறார்கள். அதே உச்சிப் படம், அதே ஸ்பெஷல் பர்மிஷன், 1,850-ஐ 1,600 ஆக்கியிருக்கிறார்கள். யாராவது கட்டியிருந்தால் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.